காம்போசத்துச் செப்புத் திருமேனியும் கூப்பிய கையும்

திருச்சிற்றம்பலம்

தணிகைமலை மேவிய செவ்வேட் பெருமான் திருவடிகளை முடிமேற் கொண்டு, சைவ நன்மக்கள் திருமுன் ஈண்டு யாம் எடுத்துரைக்கப் புகுவது, கடல் கடந்த காம்போச மரபிற் சிற்பியர் வார்த்த செப்புத் திருமேனி ஒன்றன் பொருளாம். அயல்நாட்டுச் சிற்பத்தின் அழகை ஆராய்தல் எம் கருத்தன்று. சத்தி என்று நம் ஆசிரியன்மார் உணர்த்திய பொருள் யாது, அதனைத் திருமேனியிற் கண்டு வழிபடுதல் யாங்ஙனம், அத்திருமேனி தன் கோயிலினின்று பெயர்க்கப்பட்டவழி இழப்பு யாருக்கு என்னும் மூன்று வினாக்கட்கும் அத்திருமேனி ஒரு வாயிலாக அமைதலின், அதனை முன்னிறுத்துகின்றோம்.

அது 11ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படுவது. ஒன்றரை அடிக்குச் சற்றே குறைந்த உயரமுடையது. பெண்ணுரு, முழந்தாளை நிலத்தில் ஊன்றி, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் குவித்த நிலையினது. கெமேர் என வழங்கும் காம்போச மன்னர் ஆட்சி இன்றைய கம்போடியாவில் மட்டுமன்றித் தாய்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலும் பரவியிருந்தமையின், அங்கும் சிவாலயங்கள் பல எழுந்தன. அந்நிலத்தினின்று பெயர்ந்த இவ்வுரு 1972ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநகரத்து மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையை அடைந்தது. காம்போசச் சிற்பங்களை விற்றுவந்த வணிகர் ஒருவர்மேல் 2019ஆம் ஆண்டில் அந்நகரத்து வழக்குமன்றத்திற் குற்றஞ் சாட்டப்பட்டது. அவர் 2020ஆம் ஆண்டில் இறந்தார். அதன்பின் 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 14 சிற்பங்களைக் கம்போடியாவுக்கும் 2 சிற்பங்களைத் தாய்லாந்துக்கும் திருப்பித் தருவதாக அக்காட்சிச்சாலையார் அறிவித்தனர். அவ்விரண்டனுள் ஒன்று யாம் கூறிய பெண்ணுரு. மற்றொன்று, சிவபெருமான் திருவுருவென அவர்கள் குறித்துவந்த, பொன் பூசிய நின்ற திருமேனி. இரண்டும் 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் பாங்காக்கு நகரத்துத் தேசியக் காட்சிச்சாலையை வந்தடைந்தன. கூப்பிய கையோடு ஐம்பதாண்டுக்கு மேல் அயல்நாட்டிலிருந்த அவ்வம்மை, கூப்பிய கையோடே மீண்டாள்.

இனி, இவள் யார் என்னும் வினா எழும். தேவி எனக் கொள்வார்க்கும் இடமுண்டு. அரசி எனக் கொள்வார்க்கும் இடமுண்டு. தேவியின் திருமேனிகள் பெரும்பாலும் அடியார்க்கு அருளும் நிலையிலே காணப்படும். ஒரு கை மலர் தாங்கும், ஒரு கை அஞ்சேல் என அமைக்கும். தலைமேற் குவித்த கையோ வழிபடுவார்க்கு உரியது. ஆகலின் இவள் தேவி அல்லள், அடியாளே என்று முடிபு கூறுவாரும் உளராவர். அம்முடிபினை நாம் அங்ஙனமே உடன்பட வேண்டுவதின்று. என்னை? தேவியே வழிபட்டு நின்ற தலங்கள் நம் நாட்டிற் பலவுள ஆகலின். தணிகைக்கு அணித்தாகிய காஞ்சியில், மாவடியின்கீழ் மணலால் இலிங்கம் அமைத்துப் பூசித்து, கம்பை பெருகி வந்தபோது அதனைத் தழுவிக் காத்தவள் உலகன்னையே. ஆனைக்காவில் நீரை இலிங்கமாகத் திரட்டி வழிபட்டவளும் அவளே. மயிலையில் மயிலுருக் கொண்டு அருச்சித்தவளும் அவளே.

அற்றேல், மலமில்லாத சத்திக்கு வழிபாட்டால் ஆவதென்னை எனின், கூறுதும். சத்தி என்பது சிவத்தின் வேறாகிய ஒரு பொருளன்று. தீயும் சூடும் போலவும், கதிரவனும் கதிரும் போலவும், குணியும் குணமுமாய்ப் பிரிவின்றி நிற்பது. சிவத்தின் அருளே சத்தி. தன்னின் வேறல்லாத பொருளைத் தான் வழிபட்டுத் தான் பெறும் பேறு அவட்கு ஒன்றும் இன்று. தாய் தான் நோயின்றியிருந்தும், பாலுண்ணும் குழவியின் பொருட்டு மருந்துண்கின்றாள். மருந்து தாயின் வாயிற் புகுந்தது. நோய் நீங்கியது குழவிக்கு. அதுபோல அன்னை வழிபட்டது உயிர்கட்கு வழிபடும் நெறி காட்டற்பொருட்டேயாம். வழிபாட்டின் முறையை இறைவன் ஆகமத்தில் உரைத்தான். அவனருள் அதனைச் செய்தும் காட்டிற்று. ஆகவே தலைமேற் குவித்த கை தேவிக்கு ஏலாதென்பது பொருந்தாது.

இனி, இவளை அரசி என்றே கொள்வோமாயினும் பொருள் சிதையாது. அரசியும் ஓர் உயிரே. உயிர் அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடப்பது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் கதிரொளி இல்வழி அது காணாது; அவ்வாறே உயிர்க்கு அறிவு உண்டாயினும் அருளொளி இல்வழி அது சிவத்தை நாடாது. மலம் பக்குவப்பட்டு, இருவினை ஒப்பு நேர்ந்து, சத்திநிபாதம் நிகழும்பொழுதே, அதுகாறும் தன்னையும் உலகையும் நோக்கித் தாழ்ந்து கிடந்த கை மேலெழுந்து குவியும். குவிக்கும் கை உயிரினது; குவிப்பிக்கும் ஆற்றல் சத்தியினது. உயிரே சத்தி என ஈண்டு மயங்கற்க. உயிர் உயிரே; சத்தி சத்தியே; உயிரில் உடனாய் நின்று உயர்த்துவது அவள் செயல் என்பதே கருத்து. ஆகவே தேவியோ அரசியோ என்னும் வினா, சித்தாந்த நோக்கில் ஒரு விடையிலே சென்று முடிகின்றது. தேவியாயின், அக்கை உயிர்கட்குக் கற்பிக்கும் கை. அரசியாயின், கற்றுக்கொண்ட கை. இரண்டிடத்தும் கையை எழுப்பியது அருளே.

இவ்வுண்மையை அறியக் காம்போசம் செல்ல வேண்டுவதில்லை. தணிகைக்கு ஏறத்தாழ 10 கல் தொலைவிலுள்ளதும், தணிகைத் திருக்கோயிலின் ஆட்சியில் இணைந்து நிற்பதுமாகிய திருவாலங்காடே இதற்குச் சான்று. இரத்தின சபையாகிய அத்தலத்திற் பெருமான் ஊர்த்துவ தாண்டவம் ஆடுகின்றான். அவனோடு வாதாடிய காளி நாணி அடங்கினாள். வண்டார்குழலி அம்மை அருளோடு வீற்றிருக்கின்றாள். அவ்வாடலின் அடிநீழலில் ஒரு பெண்மணி அமர்ந்து பாடுகின்றார். காரைக்காலில் வணிகர் குலத்திற் புனிதவதியாராய்ப் பிறந்து, மாங்கனியால் இறைவன் அருள் விளங்கக் கண்ட கணவன் அஞ்சி அகன்றபின், தசையும் வனப்பும் உதறிப் பேயுருப் பெற்று, கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தேறி, இறைவனாலே அம்மை என்று அழைக்கப்பெற்றவர் அவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களும், திருவிரட்டை மணிமாலையும், அற்புதத் திருவந்தாதியும் அவர் அருளியவை; பதினோராந் திருமுறையில் உள்ளவை. அவர் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கத் துணியாது, ஆளுடைய பிள்ளையார் ஊர்ப்புறத்தே தங்கினார் எனச் சேக்கிழார் பெருமான் உரைப்பார்.

இவ்வம்மையார் உயிரினத்தவரே; சத்தி அல்லர். ஆயினும் நாம் அவரைத் திருக்கோயிலில் எழுந்தருளுவித்து வணங்குகின்றோம். அஃது எவ்வாறு பொருந்தும் எனின், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரத்தின் கருத்து அதுவாகலிற் பொருந்தும். மலம் நீங்கிய அன்பரோடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழுக என்பதன்றோ மெய்கண்ட தேவர் ஆணை? ஆகவே கை குவித்தார் ஒருவர், அக்கை குவித்தமையாலேயே பிறர் கை குவித்தற்கு உரியராகின்றார். காம்போசத்து அப்பெண்ணுருவை வார்ப்பித்தார் இச்சூத்திரத்தை ஓதியவரல்லர். மெய்கண்டார் காலம் அதற்குப் பிற்பட்டது. ஆயினும் வழிபடுவாளையும் வழிபாட்டுக்குரிய கோயிலில் வைத்த அவர்தம் உள்ளம் இந்நெறிக்கு அயலன்று.

இவ்விரு நாட்டுச் சைவத்துக்கும் உறவு உண்டென்பதற்குக் கல்லே சான்று பகரும். காம்போசத்தில் அங்கோர் நகருக்கு வடகீழ்த் திசையிற் பாந்தியாய் சிரேய் என வழங்கும் சிவாலயம் ஒன்றுளது. ஐந்தாம் சயவர்மனுக்கு ஆசிரியராயிருந்த யக்ஞவராகர் அதனை எடுப்பித்தார். 967ஆம் ஆண்டில் அங்கே திரிபுவன மகேசுவரன் என்னும் பெயரால் இலிங்கம் நிறுவப்பெற்றது. செந்நிறக் கல்லாலாய அக்கோயிலின் கோபுர முகப்பொன்றில் இறைவன் கூத்தியற்றுகின்றான். அவன் திருவடிக்கருகே என்பு தோன்ற மெலிந்த மேனியளாய் ஒரு மூதாட்டி அமர்ந்திருக்கின்றாள். அவ்வுருக் காரைக்காலம்மையாரே என ஆராய்ச்சியாளர் கண்டுரைத்தனர். ஆலங்காட்டு அம்மையார் அடிநீழல் அத்துணைத் தொலைவு சென்றிருக்கின்றது. காம்போச மன்னன் அனுப்பிய அரிய கல்லொன்றை முதற் குலோத்துங்க சோழன் தில்லைத் திருக்கோயிலிற் பதிப்பித்த செய்தியை 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு அறிவிக்கின்றது. இவற்றைக் கொண்டு நாம் அவரை வென்றோம், அவர்க்குக் கற்பித்தோம் என்று தருக்குதல் சைவர்க்கு அழகன்று. ஒரே அருள் இரண்டு நிலத்தும் கைகளை எழுப்பிற்று என்று கண்டு நெஞ்சம் நெகிழ்தலே அழகு.

அங்ஙனம் எழுந்த கோயில்களுக்குப் பின்னர் நேர்ந்தது யாது? அரசு தளர்ந்தது, பூசை நின்றது, காடு மூடியது. கள்வர் புகுந்தனர். அப்பாந்தியாய் சிரேய் கோயிலினின்றே 1923ஆம் ஆண்டில், தேவமகளிர் உருவங்களை ஆந்திரே மால்ரோ என்னும் பிரஞ்சு இளைஞர் பெயர்த்துச் செல்ல முயன்று பிடிபட்டார், சிற்பங்கள் மீட்கப்பட்டன. அவரே பிற்காலத்தில் பிரஞ்சு நாட்டின் பண்பாட்டு அமைச்சரானார் என்பது நினைக்கத் தக்கது. கற்றார் கையும் களவுக்கு நீளும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1970ஆம் ஆண்டினைத் தொடர்ந்து நிகழ்ந்த உள்நாட்டுப் போர்க்காலத்திலோ களவு வணிகமாகவே பெருகிற்று. கோகேர் என்னும் பழந்தலைநகரில், மயில்மேல் வீற்றிருக்கும் கந்தப்பெருமானது 10ஆம் நூற்றாண்டுக் கற்றிருமேனியும் அக்காலக் களவுகளில் ஒன்றாய்ப் பெயர்ந்து, அமெரிக்க அரசினரால் மீட்கப்பட்டு, 2022ஆம் ஆண்டிற் கம்போடியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. தணிகைவேலனைக் குலதெய்வமாகக் கொண்ட நமக்கு இச்செய்தி அயலார் செய்தியாகுமோ?

ஈண்டுச் சில தடைகள் எழும். அவற்றை நிரலே ஆராய்வாம்.

இறைவனும் அவன் சத்தியும் எங்கும் நிறைந்த பொருளாகலின், செப்புத் திருமேனி கோயிலில் இருந்தாலென்ன, கண்ணாடிப் பேழையில் இருந்தாலென்ன என்பது முதற்றடை. எங்கும் நிறைதல் ஒன்று. எங்கும் விளங்கித் தோன்றுதல் வேறொன்று. பாலில் நெய் எங்கும் உண்டு. ஆயினும் பாலிற் கைவிட்டார் எவரும் நெய்யை எடுத்திலர். தயிரிலோ அது வெளிப்படும். திருக்கோயிலும் திருமேனியும் அடியாரும் தயிர் போல்வன என்பது நம் ஆசிரியர் துணிபு. மந்திரத்தாலும் கிரியையாலும் பாவனையாலும், தலைமுறை தலைமுறையாக ஆற்றிய பூசையாலும் கடையப்பட்ட இடம் அது. ஆண்டு நின்றும் திருமேனியைப் பெயர்த்தவன், நெய்யைத் திருடினானல்லன். நெய்யைத் திருட எவராலும் ஆகாது. கடையும் மத்தினை ஒடித்தான். இழப்புச் சத்திக்கு இல்லை, உயிர்கட்கே.

பூசை நின்றுபோன திருமேனியிற் சாந்நித்தியம் இல்லை. ஆகலின் அது வெறுஞ் செம்பே. அதனை எங்கு வைப்பினும் குற்றமில்லை என்பது இரண்டாந் தடை. இது பாதியுண்மை. பூசை இடையற்றவழிப் பிராயச்சித்தம் செய்க, பழுதுற்றவழிச் சீரணோத்தாரணம் செய்க என ஆகமங்கள் விதித்தல் உண்மை. அவ்விதி தானே நம் கருத்தை நிறுவுகின்றது. மீண்டும் எழுந்தருளுவித்தற்கு உரிமை அழிந்துவிட்ட பொருளுக்கு எழுந்தருளுவிக்கும் விதி எற்றுக்கு? வெறுஞ் செம்பாயின் கொல்லன் உலைக்கே விதி செய்திருப்பர். மேலும் நம் முன்னோர், இடையூறு நேர்ந்த காலத்துத் திருமேனிகளைத் தம் கையாலே மண்ணுக்குள் மறைத்துக் காத்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபொழுது, 20க்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரத் திருப்பதிகங்கள் பொறித்த 400க்கு மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. பல நூற்றாண்டு பூசையின்றிக் கிடந்தமை பற்றி அவற்றைச் செம்பு என்று எவரேனும் கூறினரோ? கண்டவர் கை தானே குவிந்தது.

காம்போசத் திருமேனிகளிலும் இது விளங்கக் காணலாம். அங்கோரிலிருந்து சயாமியர் கொண்டுசென்ற செப்புருவங்களை 1569ஆம் ஆண்டிற் பர்மியர் கவர்ந்தனர். பின்னர் அவை அரக்கான் நாட்டை அடைந்து, 1784-85ஆம் ஆண்டுகளில் மீண்டும் பர்மிய அரசர் கைப்பட்டன. இன்று மாந்தளை நகரத்து மகாமுனிக் கோயிலில் அவற்றுள் 6 எஞ்சியுள்ளன. இரண்டு ஆடவர் உருவங்கள், மூன்று அரிமாக்கள், முத்தலை யானை ஒன்று ஆகிய இவற்றிடத்துப் புத்த சமயத்தாராகிய மக்கள் வந்து, தமக்கு உடம்பில் எவ்விடத்து நோயோ அவ்விடத்தை அவ்வுருவங்களிலே தொட்டுத் தேய்க்கின்றனர். மூன்று நாட்டு அரசர் வெற்றிப்பொருளாகக் கருதி இழுத்துச் சென்றவற்றை, எளிய மக்கள் துயர்தீர்க்கும் பொருளாகவே தொடுகின்றனர். முறையான பூசை அன்றெனினும், அக்கைகளை அங்கே ஈர்ப்பது வெறுஞ் செம்பு என்று எம்மாற் கூற இயலவில்லை.

காட்சிச்சாலையில் வைத்தவர் அழியாமற் காத்தனர். அழகை உலகறியச் செய்தனர். அதனைப் பழித்தல் நன்றியின்மையன்றோ என்பது மூன்றாந் தடை. காத்தார்க்கு நன்றி கூறுதல் தகும். திருவாலங்காட்டினின்று கிடைத்த நடராசத் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அரசினர் காட்சிச்சாலையில் உளது. அதன் ஒளிப்படங்களைக் கண்ட பிரஞ்சுச் சிற்பி ரோதன் வியந்து எழுதிய கட்டுரை 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. அயல்நாட்டான் ஒருவன் நிழற்படத்தைக் கண்டே நெஞ்சழிந்தான் எனின், அருள் செல்லாத இடம் யாது? ஆயினும் அழகை வியத்தலும் அருளைத் தொழுதலும் ஒன்றல்ல. வியப்பவன் பொருளைத் தன் அறிவுக்கு உட்படுத்துகின்றான். இவ்வளவு உயரம், இன்ன காலம், இன்ன பாணி என்று அளந்து முடிக்கின்றான். தொழுபவனோ தன்னை அப்பொருளுக்கு உட்படுத்துகின்றான், அளக்கப்படுபவன் அவனே. முன்னதிற் பசு அறிவு நிமிர்கின்றது. பின்னதிற் பசு அறிவு தாழ்ந்து பதியறிவு விளங்குகின்றது. கூப்பிய கையுடைய அப்பெண்ணுருவைத் தனியே பீடத்தில் நிறுத்திச் சுற்றி வந்து காண்பார், அவள் யாரை நோக்கிக் கூப்பினாளோ அப்பொருளைக் காணாமையின், சொல்லின் பாதியைக் கேட்டு மீள்வாரை ஒப்பர்.

அற்றேல், சத்தியின் திருமேனிக்கு இத்துன்பம் வருதற்குச் சத்தி இடங்கொடுத்தது என்னை எனச் சிலர் வினவுவர். இவ்வினா அன்பின் வினாவே. ஆகலின் விடை கூறுதல் கடன். ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. மறைப்பதும் அருளே என்பது சித்தாந்தம். திரோதான சத்தி என நின்று, மலத்தைப் பக்குவப்படுத்தற்பொருட்டு உயிரினின்றும் தன்னை மறைத்துக்கொள்கின்றவள், மலம் பழுத்தவழி அருட்சத்தியாய் வெளிப்படுகின்றாள். நாம் வழிபடாது விட்ட திருமேனி நம் கண்ணினின்று மறைந்தது. மறைந்தபின்னரே அதன் அருமை நமக்குப் புலனாயிற்று. இன்று கடல் கடந்தும் தேடுகின்றோம். இத்தேட்டமே மறைப்பின் பயன். இதுகொண்டு கள்வன் குற்றமற்றவன் என்று கொள்ளற்க. அவன் வினை அவனுடையது. சிவத்திரவியம் கவர்ந்தான் எய்தும் பயனை நூல்கள் கூறும். நாட்டின் சட்டமும் கூறும். உயிர் செய்த தீமையையும் உயிர்கட்கு நன்மையாக மாற்ற வல்லது அருள் என்பதே யாம் கூறியது; தீமை நன்மையென்று கூறினோமல்லோம்.

இனி, அன்பர்காள், நம் வீட்டைப் பார்ப்போம். காம்போசத்திற் காடு மூடிய கோயில்களைக் கள்வர் சூறையாடினர் என்று இரங்குகின்ற நாம், ஆள் வழங்கும் நம் ஊர்களில் நிகழ்ந்ததை மறத்தலாகாது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் சிவாலயத்திற் பல ஆண்டு பூசையின்றிக் கதவடைத்திருந்த காலத்து, நடராசர், உமை முதலிய செப்புத் திருமேனிகள் 2006ஆம் ஆண்டளவிற் களவு போயின. 2008ஆம் ஆண்டில் அவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்தபொழுதே களவு தெரியவந்தது. பெருமான் திருமேனியை ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விலை தந்து வாங்கியிருந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் அதனை நம் நாட்டிடம் ஒப்படைத்தார். உமையம்மை திருமேனி சிங்கப்பூர்க் காட்சிச்சாலையினின்று 2015ஆம் ஆண்டில் மீண்டது. இறைவன் ஒரு நாட்டிலும் இறைவி ஒரு நாட்டிலுமாகப் பிரித்து வைக்கப்பட்டனர். பொருளுண்மையிற் பிரிவில்லாத அவர்களைக் கோலத்திற் பிரித்தது மனிதப் பேராசை. ஆயினும், களவு போனதறிய ஈராண்டு சென்றதெனின், அதற்குமுன் எத்தனை நாள் அங்கே ஒரு கையும் குவியாதிருந்தது என்று எண்ணுமின். கள்வன் கதவை உடைக்குமுன்னரே விளக்கு அவிந்திருந்தது. அதனை அவித்தவர் சைவரே.

பாத்தூர்ச் செய்தியும் இதனையே உணர்த்தும். 1976ஆம் ஆண்டில் அவ்வூரிற் பாழடைந்த சிவாலயத்தின் நிலத்திலே கிடைத்து, இலண்டன் நகர் சென்ற நடராசத் திருமேனியின் பொருட்டு அந்நாட்டு வழக்குமன்றத்தில் வழக்கு நிகழ்ந்தது. பாழ்பட்டுக் கிடப்பினும் கோயில் தன் பொருளைக் கேட்டுப் பெறும் உரிமையுடையது என்பதனை 1991ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றமும் உறுதி செய்தது, திருமேனி மீண்டது. சைவரல்லாத நடுவர், இடிந்த கோயிலையும் உரிமையாளனாகக் கண்டனர். சைவராகிய நாம் இடியாத கோயிலையும் எவனுடையதோ என்று கடந்து செல்லுதல் தகுமா?

மீண்டு வந்த திருமேனிகளின் நிலை யாது? பல, பாதுகாப்பின் பொருட்டுத் திருமேனிக் காப்பு மையங்களில் வைக்கப்பட்டுள்ளன. காவல் இன்றியமையாததே; அதனை யாம் குறை கூறவில்லை. ஆயினும் அயல்நாட்டுக் கண்ணாடிப் பேழையினின்று உள்நாட்டு இரும்புக் கதவுக்குப் பின் வந்து சேர்தல் இடமாற்றமே, மீட்சியாகாது. மீட்சி என்பது பூசை மீளுதல். திருமேனி கோயிலை அடைந்து, கோயிலில் விளக்கு ஏறி, விளக்கின்முன் ஒருவன் தலைமேற் கை குவித்தானாயின் அன்றே அத்தெய்வம் மீண்டதாகும். உண்மையில் அன்றே அம்மனிதன் மீண்டவனாவான். சென்றவளும் வருபவளும் அவளல்லள். சென்றதும் வருவதும் நம் நெஞ்சமே.

ஆகலின் திருமடங்களின் தலைவர்களையும், கோயில் அறங்காவலர்களையும், சைவ சபையினரையும் பணிந்து வேண்டுகின்றோம். ஒவ்வொரு திருமடத்தின் ஆட்சியிலும், அதனைச் சூழ்ந்தும் உள்ள சிற்றூர்ச் சிவாலயங்களிற் பூசை நின்றவை எவை எனக் கணக்கெடுத்தல் முதற்கடன். பெரிய கோயிலிற் பொற்கவசம் சாத்துதலினும், விளக்கற்ற கோயிலில் நாளும் ஒரு காலப் பூசைக்கு வழி செய்தல் சிறந்தது. ஒரு படி எண்ணெயும், ஒரு பிடி அமுதும், அன்புடைய ஓர் அருச்சகரும் போதும். அடுத்தது, திருமேனிகளை எண்ணி, அளந்து, ஒளிப்படம் எடுத்து, பதிவேட்டில் எழுதி வைத்தல். புதுச்சேரிப் பிரஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் பல்லாண்டுக்கு முன் கோயில்தோறும் சென்று எடுத்துவைத்த ஒளிப்படங்களே, களவு போன திருமேனிகள் பலவற்றை அடையாளங்காட்ட உதவின. நம் கோயிற் பெருமானை நாமே அடையாளங் கூற இயலாமற்போதல் நாணத்தக்கது. மூன்றாவது, மீண்ட திருமேனிகளுக்குக் காவலும் பூசையும் ஒருங்கே அமைய, அவ்வவ்வூர் அன்பரும் அரசினரும் திருமடங்களும் கூடி ஆவன செய்தல். ஊர்மக்கள் நாளும் கூடும் கோயிலுக்கு அவர்தம் கண்ணே சிறந்த காவல்.

காட்சிச்சாலை செல்லும் சைவ இளைஞர்க்கும் ஒரு சொல். அங்கே தேவியின் திருமேனியைக் கண்டால், பலகையிலுள்ள எழுத்தைப் படிக்குமுன் நெஞ்சாலேனும் கை குவிமின். அத்திருமேனி சோழநாட்டதாயினும் காம்போச நாட்டதாயினும் வேற்றுமை கருதற்க. பின்னர் எழுத்தைப் படித்து, எந்தக் கோயிலது, எவ்வாறு வந்தது என்று வினவுமின். அன்பில்லாத ஆராய்ச்சி வறிது. ஆராய்ச்சியில்லாத அன்பு ஏமாறும். இரண்டும் கூடியவிடத்தே களவு அஞ்சும்.

குவியாத கையைக் குவிப்பிப்பதும், குவிந்த கையைத் தளராமற் காப்பதும் அம்மையின் அருளே. அவ்வருளை முன்னிட்டு, விளக்கற்ற ஒரு சிவாலயத்தைத் தேடிச் செல்லும் பணியை, இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் வருகின்ற பிரதோட நாளிலேயே தொடங்குவாராக. ஆலங்காட்டில் ஆடும் ஐயன் திருவடியும், அவ்வடியின்கீழ்ப் பாடும் அம்மையார் அருளும், தணிகை முருகன் துணையும் அப்பணிக்கு முன் நிற்பனவாக.

திருச்சிற்றம்பலம்